முன் படம், பின் படம்

அன்பு வாசகக் கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியம்தானே? முட்டி வலிக்காரர்களுக்கு முட்டி தேவலையா? சர்க்கரைக்காரர்கள் ஒழுங்காக நடக்கிறீர்களா, இல்லை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போடுகிறீர்களா? சரி, காப்பியை ஆற்றிக்கொண்டு உட்காருங்கள். இந்த அத்தியாயத்தில் கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒரு பெண்ணின் முகம்தான் பணயம். சாயங்காலத்துக்குள் காப்பாற்றியாக வேண்டும்.

2006-ஆம் வருடம், வைகாசி வெயில் மதுரையை வறுத்துக்கொண்டிருந்தது. சிம்மக்கல்லில் ஒரு சைக்கிள் கடை, அதன் மாடியில் 'மேரி துப்பறியும் நிலையம்'. வாசலில் நின்ற மொபெட்டின் கண்ணாடியில் மலைச்சாமி தன் முகத்தை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் அந்த நிலையத்தின் ஒரே உதவியாளன். நாக்கு மட்டும் நாலு ஆளுக்குச் சமம்.

"கண்ணாடிக்குள்ள என்னத்தடா தேடுற?" மாடியிலிருந்து குரல் வந்தது.

"வயசத்தேன் தேடுறேன்க்கா. முப்பத்தொண்ணுதான் வச்சிருந்தேன். எவனோ மேற்கொண்டு பத்து சேத்து வச்சுட்டுப் போயிட்டான்."

"மேல வா. ஆள் வந்திருக்காங்க."

மேலே, மின்விசிறிக்கு நேர் கீழே பாக்கியமேரி உட்கார்ந்திருந்தார். போலீஸ் வேலையை விருப்ப ஓய்வில் விட்டுவிட்டு, மாப்பிள்ளை நல்லவனா, குடிகாரனா என்று விசாரித்துச் சொல்லும் தொழிலில் இறங்கியவர். அவர் விசாரித்து நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. நடந்து வருத்தப்பட்ட கல்யாணம் ஒன்றுகூட இல்லை என்று சிம்மக்கல்லில் பேச்சு.

எதிரே ஒரு பெண், முப்பது வயதிருக்கும். பெயர் பிருந்தா. தெற்கு மாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே பேசினாள்.

"என் தங்கச்சி காவ்யஸ்ரீக்கு இருபத்துநாலு வயசு மேடம். கல்யாணம் நிச்சயமாயிருக்கு. நிச்சயதார்த்தத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அத்தை ஒரு வார்த்தையை விட்டுட்டாங்க. 'பொண்ணு நல்லாத்தான் இருக்கா, பக்கத்துல நின்னா பையனுக்கு அக்கா மாதிரி தெரியுறா'ன்னு."

"ஆத்தி!" என்றான் மலைச்சாமி. "அது வார்த்தையா? கொள்ளிக்கட்டை."

"அன்னையிலருந்து அவ தூங்கல. தூங்காததால கண்ணுக்குக் கீழ கருத்துப்போச்சு. கருத்துப்போச்சேன்னு இன்னும் தூங்கல. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் காளவாசல்ல 'யௌவனா'ன்னு ஒரு இடத்துல முகத்துத் தோலை உரிக்கப் போறாங்களாம். உரிச்சா உள்ளருந்து புதுத் தோல் வருமாம், வயசு கொறைஞ்சிருமாம்."

"பாம்பா அது, சட்டை உரிக்க?"

"டேய், சும்மா இரு," என்றார் மேரி. "அந்த வைத்தியம் ஊர்ல இருக்கிறதுதான். முறையாப் படிச்ச தோல் டாக்டரு, தேவைப்பட்டவங்களுக்கு அளவாச் செய்யறதுதான். இவரு யாரு?"

"அதுதான் மேடம் தெரியல. ரவிசங்கர்னு பேரு. வெள்ளைக் கோட்டு போட்டிருக்காரு. எங்க படிச்சீங்கன்னு கேட்டேன். 'ரிசல்ட் பேசும் மேடம்'னு சிரிச்சுட்டு இதக் குடுத்தாரு."

வழவழப்பான கலர் நோட்டீஸ் ஒன்றை மேசைமேல் வைத்தாள். ஒரே பெண்ணின் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் கன்னத்தில் கைவைத்துச் சிரிப்பு. இடது படத்தில் முகமெல்லாம் சிவப்புத் திட்டு, கருந்திட்டு. சிரிப்புகூட அழுகை மாதிரிதான் இருந்தது. கீழே 'முன்' என்று எழுதியிருந்தது. வலது படத்தில் முகம் துலக்கி வைத்த குத்துவிளக்கு. கீழே 'பின்'.

"எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். 'நீ சொல்றத நம்புறதா, கண்ணால பாத்ததை நம்புறதா?'ங்கிறா. இந்தப் படம் பொய்னா அதையும் அவ கண்ணால பாக்கணும் மேடம். வாய்ப்பேச்சு அவகிட்ட எடுபடாது."

மலைச்சாமி நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்தான். "கேஸ் முடிஞ்சதுக்கா. ரெட்டைப் பிள்ளைக. ஒண்ணு வெயில்ல வளந்திருக்கு, ஒண்ணு நெழல்ல."

"ரெண்டு பேருக்கும் தாடையில ஒரே எடத்துலயா தழும்பு இருக்கும்? ஒரே பொண்ணுதாண்டா." மேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கழுத்துல பாரு. ரெண்டு படத்துலயும் பச்சையும் மஞ்சளுமா ஒரு நாடா. அடையாள அட்டை தொங்குற நாடா."

மலைச்சாமி தொண்டையைச் செருமினான். "அது கப்பலூர் பிஸ்கட் கம்பெனி நாடா."

"எப்படித் தெரியும்?"

"அங்க வேல பாக்குற பொண்ணு ஒண்ணைப் பாக்கப் போனேன்க்கா, சம்பந்தம் பேச. வாட்ச்மேன் என்னையப் பாத்துட்டு, 'உங்க மக இன்னும் வெளிய வரல, உக்காருங்க ஐயா'ன்னுட்டாரு."

பிருந்தா அன்று முதன்முறையாகச் சிரித்தாள். மேரி எழுந்துவிட்டார். "நீங்க தங்கச்சி கூடவே இருங்கம்மா. மலை, வண்டிய எடு."

மொபெட்டு பழங்காநத்தம் தாண்டி, திருப்பரங்குன்றம் தாண்டி, திருநகர் தாண்டிக் கப்பலூரில் நின்றபோது அதற்கும் மூச்சு வாங்கியது, மலைச்சாமிக்கும் வாங்கியது. தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததுமே காற்றில் வெண்ணெய் வாசனை. கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. மதியச் சாப்பாட்டு நேரம். பச்சை மஞ்சள் நாடாக்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன.

டீக்கடைக்காரர் கருத்தக்கண்ணன் நோட்டீஸை ஒரு பார்வை பார்த்தார். "நம்ம ஜாய்ஸ் பாப்பால்ல இது! அந்தா, பெஞ்சுக் கடைசியில."

பெஞ்சுக் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண் துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. மதுரை வெயிலில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள் என்பதால் மலைச்சாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீ கிளாஸைத் துப்பட்டாவுக்கு அடியில் கொண்டுபோய்க் குடித்தாள். கிளாஸைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்ததும் அவன் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"என்னம்மா, நக நுனியில மட்டும் கோடு போட்ட மாதிரி செவப்பா இருக்கு? ஜாம் பிஸ்கட் செக்சனா?"

அவள் கண் சிரித்தது. "மருதாணிண்ணே. எங்கண்ணன் கல்யாணத்துக்கு வச்சது."

"நுனிக்கு மட்டுமா வச்சீக? அம்புட்டுச் சிக்கனமா?"

"அய்ய, கை நெறையத்தான் வச்சேன். மறுநாளு சூப்பர்வைசர் வாசல்லயே நிப்பாட்டிட்டாரு. சாயக் கையோட மாவுப் பக்கம் வரக்கூடாதுன்னு அட்டைப்பெட்டி ஒட்டுற எடத்துக்குத் தள்ளிட்டாரு. பசை நாத்தம் சோத்துலயும் வந்துச்சுண்ணே. இனி மருதாணி எலையக் கண்ணால பாக்க மாட்டேன்னு அன்னைக்கே அவருக்குக் கும்பிடு போட்டுட்டேன். அப்புறம் தொடவே இல்ல."

"பாருங்கக்கா, ஒரு கைச் சிங்காரத்துக்கு என்ன தண்டனை!"

மேரி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக நோட்டீஸை நீட்டினார். "இது நீதானாம்மா?"

சிரித்த கண்கள் அணைந்துபோயின. நோட்டீஸில் எதை எதையோ மாறி மாறிப் பார்த்தன.

"நாந்தான்."

"ரெண்டு படமும் அங்கதான் எடுத்தாங்களா?"

"ஆமா. மொத ஒண்ணு. பெறகு ஒண்ணு."

"எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இன்னைக்கு அங்க போகப்போகுது. போகலாமா?"

ஜாய்ஸ் எழுந்துவிட்டாள். "நல்லா ஆச்சு எனக்கு. நல்லாத்தான் ஆச்சு. பெல்லடிச்சிருவாங்க, நான் வாரேன்." பாதி டீ அப்படியே இருந்தது. பெல் அடிக்கவில்லை.

திரும்பும் வழியில் மலைச்சாமி உற்சாகமாக வண்டியை விரட்டினான். "அவ்வளவுதான்க்கா. படத்துல இருக்குற பொண்ணே நல்லா ஆச்சுன்னுருச்சு. நானும் நாளைக்கு ஒரு நட யௌவனாவுக்குப் போகலாம்னு இருக்கேன். நெத்தியில ரெண்டு கோடு இருக்கு, அத அழிச்சா பத்து வயசு கொறையும்."

பசுமலை தாண்டும்போது முதுகில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது.

"நிப்பாட்டு!"

மேரி இறங்கி, ரோட்டோரம் நின்று நோட்டீஸை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். பிறகு, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"டேய் மலை! நீ என்கிட்ட வேலைக்குச் சேந்ததுல இருந்து இன்னைக்குத்தாண்டா உருப்படியா ஒரு கேள்வி கேட்டிருக்க."

"எதுக்கா?"

"ஜாம் பிஸ்கட்."

"அக்கா, வெயில் ஒத்துக்கலையா? கரும்புச்சாறு வாங்கட்டுமா?"

"நெழல்ல உக்காந்து டீ குடிக்கிற பொண்ணு எதுக்குடா துப்பட்டாவ எடுக்கல? அதையும் யோசிச்சுக்கிட்டே காளவாசலுக்குப் போ. அந்தக் காவ்யா மூஞ்சியில ஒரு சொட்டுகூட விழக் கூடாது. என்ன கூத்து வேணும்னாலும் அடி. நான் கப்பலூருக்குத் திரும்பப் போயிட்டு வாரேன்." எதிரே வந்த ஷேர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி, ஏறியே போய்விட்டார்.

யௌவனாவுக்குள் ஐஸ்பெட்டி மாதிரி குளிர். சுவரெல்லாம் 'முன்', 'பின்' படங்கள். உள்ளறையில் சாய்வு நாற்காலியில் காவ்யஸ்ரீ படுத்திருந்தாள். தலைமுடியை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அழகான பெண், தூக்கம்தான் பாக்கி. பிருந்தா பக்கத்தில் நின்று தங்கள் வீட்டு மொழியில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு, "பேசாம இரு அக்கா" என்று தமிழில் முடித்துவிட்டாள்.

ரவிசங்கர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். மலைச்சாமி உள்ளே பாய்ந்து பக்கத்து நாற்காலியில் மல்லாந்தான்.

"டாக்டர், என்னைய மொதல்ல உரிங்க!"

"யார் நீங்க? வெளியே டோக்கன் வாங்கிட்டு வாங்க."

"டோக்கன் வாங்குற நேரத்துல இன்னும் ஒரு வயசு ஏறிரும் டாக்டர். எனக்கு நாளைக்குப் பொண்ணு பாக்கப் போகணும்."

வலிய வந்த ஆட்டை யார் விடுவார்? ரவிசங்கர் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "என்ன பிரச்சினை உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பாக்குறவங்களுக்குத்தான் பிரச்சினை."

"ம். நெற்றியில கோடு. அதுக்கு ஊசி இருக்கு. அந்தத் தசையை அசையவிடாம வச்சிரும், கோடு விழாது. கன்னத்துல குழி. அதுக்கு லேசர். நிறம் மங்கல். அதுக்குப் பழ ஃபேஷியல், கோல்டு ஃபேஷியல். இதெல்லாம் மெதுவா வேலை செய்யும். உடனே வேணும்னா தோலை உரிக்கிற பீலிங், அதோட எங்க ஸ்பெஷல் கிரீம். நாங்களே தயாரிக்கிறது."

"டாக்டர், ஒரு சந்தேகம். ஊசி போட்டா நெத்தி அசையவே அசையாதா?"

"அசையாது."

"அப்ப வேணாம். எங்கக்கா திட்டுறப்ப நெத்தியச் சுருக்கித்தான் நான் பயந்த மாதிரி காட்டிக்கிருவேன். அது போச்சுன்னா வேலையே போயிரும். பழ ஃபேஷியல்ல என்ன பழம்?"

"பப்பாளி."

"பப்பாளி எனக்கு ஆகாது. கொய்யா இருக்கா?"

ரவிசங்கர் பல்லைக் கடித்துக்கொண்டு உதவிக்கு நின்ற பெண்ணிடம், "இவருக்கு முல்தானி மட்டியைப் போட்டு வாயை மூடு" என்றார். அவள் மலைச்சாமியின் பாதி முகத்தில் மண் பூசி முடிப்பதற்குள், அவர் சின்னக் கிண்ணத்தில் பிரஷைத் தோய்த்துக் காவ்யாவின் பக்கம் குனிந்தார். பிரஷ் நெற்றிக்கு நேரே வந்துவிட்டது.

"அய்யய்யோ! கண்ணு! என் கண்ணு போச்சே!"

மலைச்சாமி நாற்காலியிலிருந்து உருண்டு விழுந்து, கிண்ணம் வைத்திருந்த ட்ரேயைக் காலால் ஒரு உதை விட்டான். பிரஷ் ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம். தரை வெண்மையாகப் பொங்கி நுரைத்தது. காவ்யா பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியா, தரையவே உரிக்குது!" என்றாள் பிருந்தா.

"யாருய்யா நீ? போலீஸைக் கூப்பிடுவேன்!" ரவிசங்கர் கத்தினார்.

"கூப்பிடுங்க. எனக்கும் வேல மிச்சம்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பாக்கியமேரி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டா சுற்றிய ஜாய்ஸ்.

மேரி யாரையும் கவனிக்கவில்லை. நேராகக் காவ்யாவிடம் போனார். "கண்ணால பாத்தாத்தான் நம்புவியாமே? நல்ல பழக்கம். கைய நீட்டு."

காவ்யா திகைத்துப்போய் நீட்டினாள்.

"மருதாணி எப்ப வச்ச?"

"நிச்சயதார்த்தத்துக்கு."

"அன்னைக்கு நகம் எப்படி இருந்துச்சு?"

"அடி வரைக்கும் செவப்பா இருந்துச்சு."

"இப்ப?"

காவ்யா தன் நகத்தையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அடியில் வெளுப்பு, நுனியில் சிவப்பு. "பாதிதான் இருக்கு. வளந்துருச்சு."

"வளந்து எங்கிட்டுப் போகும்? முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான்."

மேரி நோட்டீஸை அவள் மடியில் வைத்தார். "இப்ப இந்தப் படத்துல கன்னத்துல வச்சிருக்குற கையப் பாரு. இவங்க 'முன்'னு போட்டிருக்கிறதுல நகம் எப்படி இருக்கு?"

காவ்யா குனிந்தாள். "அடியில வெளுத்து... என்னுது மாதிரியே, பாதி."

"'பின்'ல?"

காவ்யா நோட்டீஸைக் கண்ணருகே தூக்கினாள். "முழுசாச் செவப்பு. விரல் நுனிகூடச் செவந்திருக்கு."

"ஜாய்ஸ், நீ கைய நீட்டும்மா."

நுனியில் ஒரு கோடு மட்டும். மலைச்சாமியின் பாதி மண் முகத்தில் வாய் தானாகத் திறந்தது. ஜாம் பிஸ்கட்!

"இந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவதான் மருதாணி வச்சா. பெறகு எலையத் தொடவே இல்ல. முழுசாச் செவந்திருந்தது மொதல்ல. பாதி, அதுக்குப் பெறகு. நுனி, இன்னைக்கு. அப்ப எந்தப் படம்மா முந்துன படம்?"

காவ்யாவின் விரல் மெதுவாக வலது படத்துக்கு நகர்ந்தது. குத்துவிளக்கு முகம். "இதுவா? அப்ப இந்தப் பளபளப்பு..."

"அது அவ இங்க வந்த அன்னைக்கு இருந்த மூஞ்சி. ஆத்தாளும் அப்பனும் குடுத்தது. இந்தத் திட்டெல்லாம்தான் வைத்தியம்."

ரவிசங்கர் நெற்றியைத் துடைத்தார். அவர் நெற்றி மட்டும் நன்றாகவே சுருங்கியது.

"இதெல்லாம்... மேடம், இது பிரஸ்காரன் பண்ண தப்பு! அச்சுல முன்னையும் பின்னையும் மாத்திப் போட்டுட்டான். அவ்வளவுதான் விஷயம்!"

மலைச்சாமி தரையிலிருந்து எழுந்து, அவர் தோளில் அன்பாகக் கைபோட்டான். "அண்ணே, பைய யோசிச்சுப் பேசுங்க. மாத்திப் போட்டுட்டான்னா, சரியாப் போட்டா எப்படி வரும்? நல்ல மூஞ்சியோட வந்த பிள்ள, உங்க கை பட்டு இப்படிப் போச்சுன்னு வரும். இதத்தான எங்கக்கா இம்புட்டு நேரம் சொன்னாங்க? நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க!"

ரவிசங்கர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஜாய்ஸ் முன்னால் வந்தாள். "வெளிய சொன்னா சரி பண்ற வைத்தியத்த நிறுத்திருவேன்னாரு இவரு. அந்தப் பயத்துலதான், அக்கா, உங்கள ஏமாத்திட்டேன். என் படத்த இப்படிப் போட்டு இன்னொருத்தியக் கூப்புடுவாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்க திரும்ப வந்து கேட்டதும் மனசு கேக்கல, வந்துட்டேன்." அவள் துப்பட்டாவைப் பின்தலையில் அவிழ்த்து, ஒவ்வொரு சுற்றாக எடுத்தாள். கன்னத்தில் இன்னும் திட்டு இருந்தது. தாடையில் அந்தத் தழும்பும் இருந்தது.

காவ்யா நாற்காலியை விட்டு இறங்கினாள். "வலிச்சுச்சா?"

"கண்ணாடி பாக்குறப்பத்தான் வலிச்சுச்சு."

காவ்யா தன் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். பிறகு அக்காவைப் பார்த்து வீட்டு மொழியில் ஏதோ சொன்னாள். பிருந்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்னம்மா சொல்லுது?" என்று கேட்டான் மலைச்சாமி.

"பசிக்குதாம். நிச்சயத்துல இருந்து இன்னைக்குத்தான் அவ வாயால பசின்னு சொல்லியிருக்கா."

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வந்தது. சுவரில் இருந்த டாக்டர் பட்டம் கண்ணாடிச் சட்டத்தோடு இறங்கியது. சட்டம் மட்டும்தான் அசல். ஜாய்ஸை மேரி அன்றே ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். யௌவனாவில் கொடுத்த கிரீமைத் தான் சொன்னபடி படிப்படியாக நிறுத்தி, வெயிலுக்கு மறைத்துக்கொண்டால், கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளியும் என்றார் டாக்டரம்மா. கூடவே போயிருந்த காவ்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்கு எதுவும் வேண்டாம். போய்த் தூங்கு" என்று அனுப்பிவிட்டார்.

காவ்யா தூங்கினாள். கல்யாணத்தில் அந்த அத்தையே வந்து, "என்னம்மா போட்ட, முகம் இப்படி ஜொலிக்குது?" என்று கேட்டாராம். "குறட்டை, அத்தை," என்றாளாம் காவ்யா. ஜாய்ஸ் பக்கத்தில் துப்பட்டா சுற்றாமல் நின்று படத்துக்குச் சிரித்தாள். அவள் கையில் மட்டும் மருதாணி இல்லை. சூப்பர்வைசருக்குக் கொடுத்த வாக்கு.

மலைச்சாமியை மறந்துவிட்டேனே! அன்று சாயங்காலம் காளவாசலில் மொபெட்டை எடுத்தபோது, போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தான். பாதி முகம் மண் காய்ந்து வெளுத்திருந்தது; பாதி பழைய மலைச்சாமி.

"அக்கா, மண்ண ஏன் கழுவச் சொல்லல?"

"இருக்கட்டும்டா. ஒரு பக்கம் முன், ஒரு பக்கம் பின். உன்னைய மட்டும் யாராலயும் மாத்திப் போட முடியாது. வண்டிய எடு."

இப்போது உங்கள் முறை, கண்ணுகளா. முகம் வெளுக்க, வயது குறைய என்று நீங்கள் எதையெல்லாம் பூசி, எதையெல்லாம் அனுபவித்தீர்கள்? கடலைமாவிலிருந்து கடை கிரீம் வரைக்கும், எரிந்த கதை, சொறிந்த கதை, சிரித்த கதை எதுவானாலும் வெட்கப்படாமல் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊரிலும் ஒரு யௌவனா இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.